பழைய மகிழுந்தும் பழுதறி கலையும்

நுழையும்முன்

இயந்திரங்களை இயக்கக் கற்றவர் பலர். அவற்றின் குறையை அறியக் கற்றவர் சிலர். ஆண்டுகள் பல கடந்தும் ஒரு குடும்பத்திற்காக உழைக்கும் மகிழுந்து, தன் குறையை ஒலியாகவும் மணமாகவும் நிறமாகவும் வெப்பமாகவும் உணர்த்திக்கொண்டே இருக்கிறது. அவ்வுணர்த்தலைப் புரிந்துகொள்ளப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. உற்றுநோக்கலும் ஒழுங்கான சிந்தனையும் போதும். தென்காசியின் வெயிலையும் குற்றாலத்தின் சாரலையும் புளியரை மலைப்பாதையையும் களமாகக் கொண்டு அச்சிந்தனை முறையை விளக்குகிறது இவ்வுரைப்பகுதி.

ஒரு மகிழுந்தின் நெடுவாழ்வு

விடுதலைக்குப் பின் பல பத்தாண்டுகள் இந்தியச் சாலைகளில் ஓடிய மகிழுந்து வகைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் உருவான அம்பாசிடர், பம்பாயின் குர்லாவில் உருவான பியட் வழிவந்த பத்மினி, சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய மூன்றும் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் வண்டியின் வடிவத்தைத் தழுவிய அம்பாசிடர், 1957ஆம் ஆண்டு முதல் 2014ஆம் ஆண்டு வரை உற்பத்தி செய்யப்பட்டது. ஏறத்தாழ 57 ஆண்டுகள் அதன் புறத்தோற்றம் பெரிதும் மாறவில்லை.

அக்காலத்தில் புதிய மகிழுந்து வாங்க விரும்பியவர் பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே, கையிலிருந்த வண்டியைக் காப்பதைத் தவிர வேறு வழியில்லை. தந்தை வாங்கிய வண்டியை மகன் ஓட்டினான். அவனிடமிருந்து அடுத்த தலைமுறைக்கும் அது சென்றது. தமிழ்நாட்டின் வாடகைக் கார் நிலையங்களிலும் திருமண ஊர்வலங்களிலும் அரசு அலுவலக வாயில்களிலும் அம்பாசிடர் நின்றது. சிற்றூர்ப் பணிமனைகளிலும் அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் உருவாயினர்.

அதன் அமைப்பும் அதற்கு இடம் கொடுத்தது. முன்மூடியைத் திறந்தால் 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள பெட்ரோல் எஞ்சினைச் சுற்றிக் கை நுழையும் அளவு இடம் இருக்கும். எரிபொருள் எவ்வழியே வருகிறது, மின்சாரம் எவ்வழியே செல்கிறது, நீர் எங்குச் சுழல்கிறது என்பன கண்ணுக்குப் புலப்படும். ஒரு ஸ்பேனர் தொகுதி, ஒரு திருப்புளி, ஒரு குறடு, சிறிது உப்புத்தாள் ஆகியவற்றைக் கொண்டே பாதிப் பழுதுகளைச் சாலையோரத்தில் நீக்கிவிட முடிந்தது. இன்றைய வண்டிகளின் அமைப்பு மாறியிருப்பினும், பழுதறியும் முறையைக் கற்க அம்பாசிடரைப் போன்ற எளிய இயந்திரமே ஏற்றது. எளியதில் கற்ற முறை அரியதற்கும் துணைசெய்யும்.

தெரியுமா?

தொடக்ககால அம்பாசிடர்களுடன் ஓர் இரும்புக் கைப்பிடிக் கம்பியும் தரப்பட்டது. பேட்டரி வலுவிழந்துவிட்டால் வண்டியின் முன்புறத் துளையில் அதைச் செருகிக் கையால் சுழற்றி எஞ்சினை இயக்குவர். இதனை 'ஹேண்டில் போடுதல்' என்பர். எஞ்சின் எதிர்த்திசையில் உதைத்தால் கட்டைவிரல் முறியக்கூடும். எனவே, கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிப்பது வழக்கம்.

மூன்று சோதனைக் களங்கள்

தென்காசி வட்டாரத்தில் ஒரு மகிழுந்து ஒரே நாளில் மூன்று வகையான சூழல்களைச் சந்திக்கக்கூடும். சமவெளியின் வெயில் முதலாவது. ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில் உள்ள குற்றாலத்தின் ஈரம் இரண்டாவது. தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே நுழைந்து, சூன் முதல் செப்டம்பர் வரை மெல்லிய சாரலாகப் பொழிவதால், பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் ஆகியவற்றைக் காண வருவோரின் வண்டிகள் மணிக்கணக்கில் நனைந்து நிற்கும். மலைப்பாதை மூன்றாவது. திருமங்கலத்தையும் கொல்லத்தையும் இணைக்கும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை தென்காசி, செங்கோட்டை வழியாகச் சென்று, புளியரையில் மலையேறத் தொடங்கி, ஆரியங்காவு, தென்மலை வழியாகக் கேரளத்துக்குள் இறங்குகிறது.

வெயில், ஈரம், ஏற்ற இறக்கம் என்னும் இம்மூன்றும் வண்டியின் வெவ்வேறு உறுப்புகளைச் சோதிக்கின்றன. புதிய வண்டி இவற்றைப் பொருட்படுத்தாமல் கடந்துவிடும். முதுமை எய்திய வண்டியிலோ, எந்த உறுப்பு தளர்ந்துள்ளதோ அதனை இச்சூழல் வெளிப்படுத்திவிடும். ஆகவே, பழுது எங்கு, எப்போது, எந்நிலையில் தோன்றியது என்னும் வினாவே பழுதறிதலின் முதற்படி.

அறிகுறியிலிருந்து காரணத்திற்கு

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவனின் பணியைப் படிப்படியாக வகுத்துச் சொல்கிறது. நோய் இன்னதென்று அறிதல், அது தோன்றிய காரணத்தை அறிதல், அதைத் தணிக்கும் வழியை அறிதல், பிறகு பிழையின்றிச் செயற்படுதல் என்பது அவ்வரிசை. இயந்திரத்தைப் பழுதுபார்ப்பவர்க்கும் இதே வரிசைதான். இதனைத் தலைகீழாக்கி, முதலில் ஓர் உறுப்பை மாற்றிவிட்டு, 'சரியாகிவிட்டதா?' என்று பார்ப்பது பணத்தை வீணாக்கும்; உண்மையான காரணத்தையும் மறைத்துவிடும்.

பழுதறிதலில் நான்கு நெறிகள் உண்டு. முதலாவது, எளியதை முதலில் ஆராய்தல். எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்தல் இதில் அடங்கும். இரண்டாவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுதல். மூன்றை ஒருசேர மாற்றியபின் வண்டி இயங்கினாலும், எது காரணம் என்பது தெரியாமலே போய்விடும். மூன்றாவது, வழியைப் பாதியாகப் பகுத்தல். பெட்ரோல் தொட்டியிலிருந்து கார்புரேட்டர் வரையுள்ள வழியில் நடுவிலிருக்கும் பம்ப் வரை எரிபொருள் வந்துவிட்டது என்றால், அதற்கு முன்னுள்ள பாதியை ஐயத்திலிருந்து நீக்கிவிடலாம். நான்காவது, கடைசியாக என்ன மாறியது என்று வினவுதல். நேற்றுவரை நன்றாக ஓடிய வண்டி இன்று நின்றதென்றால், இடையில் நிகழ்ந்த மழையோ, கழுவலோ, புதிய பேட்டரியோ தடயமாகலாம்.

இந்நெறிகள் அறிவியல் ஆய்வுக்கூடத்தின் நெறிகளும் ஆகும். கருதுகோள் ஒன்றை அமைத்தல், அது மெய்யானால் வேறென்ன காணப்பட வேண்டும் என்று எண்ணுதல், அதனைச் சோதித்தல், பொய்யானால் கைவிடுதல் என்பதே இரண்டிடத்தும் நிகழ்கிறது.

இயங்க மறுக்கும் எஞ்சின்

குற்றாலத்தில் இரவெல்லாம் சாரலில் நின்ற ஒரு பழைய மகிழுந்து காலையில் இயங்க மறுக்கிறது எனக் கொள்வோம். பெட்ரோல் எஞ்சின் இயங்க வேண்டுமானால் காற்றும் எரிபொருளும் தக்க அளவில் கலக்க வேண்டும். அக்கலவை உருளைக்குள் போதிய அளவு அழுத்தப்பட வேண்டும். சரியான நேரத்தில் மின்பொறி எழ வேண்டும். இவற்றைத் தொடங்கிவைக்க ஸ்டார்ட்டர் எஞ்சினைச் சுழற்றவும் வேண்டும். இப்போது வினாக்களை வரிசைப்படுத்தலாம்.

சாவியைத் திருப்பும்போது எஞ்சின் சுழல்கிறதா? சுழலாமல் 'டிக்' என்ற ஒலி மட்டும் கேட்டால் ஐயம் பேட்டரியின் பக்கம் திரும்புகிறது. முகப்பு விளக்கை எரியவிட்டுச் சாவியைத் திருப்ப வேண்டும். விளக்கொளி முற்றிலும் மங்கிவிட்டால் பேட்டரி வலுவிழந்திருக்கலாம். அல்லது அதன் முனைகளில் இணைப்புக் கெட்டிருக்கலாம். முனைகளைச் சுற்றி வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும் படிவு மின்னோட்டத்தைத் தடுக்கும். அதனைச் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவித் துடைத்து, இணைப்பை இறுக்கி, மேலே சிறிது வாசலைன் பூசினால் பல வண்டிகள் உடனே இயங்கிவிடும்.

மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டர் கையிலிருந்தால் முடிவு தெளிவாகும். ஓய்வில் உள்ள 12 வோல்ட் பேட்டரி முழுமையாக மின்னேற்றம் பெற்றிருந்தால் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அது பெரிதும் தீர்ந்துவிட்டது என்பது பொருள். எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். அவ்வாறு உயரவில்லையெனில், குறை பேட்டரியில் இல்லாமல், அதற்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரிலோ அதனைச் சுழற்றும் பெல்ட்டிலோ இருக்கக்கூடும். இதை அறியாமல் புதிய பேட்டரி வாங்குபவர், சில நாள்களில் அதுவும் தீர்ந்து நிற்கக் காண்பார்.

எஞ்சின் நன்கு சுழன்றும் பற்றிக்கொள்ளவில்லையெனில் மின்பொறியையும் எரிபொருளையும் ஆராய வேண்டும். சாரலில் நனைந்த வண்டியில் முதல் ஐயம் மின்பொறியின் மீதே. உயர் மின்னழுத்தத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் ஈரம் படிந்தால், மின்சாரம் பிளக்கைச் சென்றடையாமல் ஈரத்தின் வழியே கசிந்துவிடும். சாவியை அணைத்துவிட்டு அம்மூடியைக் கழற்றி, உலர்ந்த துணியால் உட்புறத்தைத் துடைத்து, மயிரிழை போன்ற வெடிப்பு உள்ளதா எனப் பார்த்து மீண்டும் பொருத்த வேண்டும். பழைய கம்பிகளின் உறை வெடித்திருந்தாலும் இதே பழுது தோன்றும். இரவில் முன்மூடியைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டால், வெடித்த கம்பிகளில் நீலநிறப் பொறிகள் ஓடுவது தெரியும். அப்போது கம்பிகளைக் கையால் தொடுதல் கூடாது.

பழைய வகை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பிளாட்டினம் என மெக்கானிக்குகள் அழைக்கும் தொடுமுனைகள் உண்டு. அவற்றின் இடைவெளி ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டரும், பிளக்கின் இடைவெளி ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டரும் இருக்க வேண்டும் என்பது அம்பாசிடரின் பெட்ரோல் எஞ்சினுக்கான அளவு. தாள் போன்ற மெல்லிய உலோகத் தகடுகளாலான அளவியைக் கொண்டு இதனைச் சரிபார்ப்பர். மற்ற வண்டிகளுக்கு அவற்றின் கையேட்டில் உள்ள அளவையே பின்பற்ற வேண்டும்.

கழற்றிய பிளக்கின் நிறமும் ஒரு சான்று. இளம்பழுப்பு நலத்தைக் குறிக்கும். உலர்ந்த கரி படிந்திருந்தால் எரிபொருள் மிகுதி. எண்ணெய்ப் பசை இருந்தால் உருளைக்குள் எண்ணெய் கசிகிறது. புகைபோக்கியும் இவ்வாறே பேசும். நீலப்புகை எண்ணெய் எரிவதையும், கரும்புகை எரிபொருள் மிகுவதையும், எஞ்சின் சூடான பின்னும் நீங்காத வெண்புகை குளிர்விக்கும் நீர் உள்ளே கசிவதையும் காட்டும்.

ஏற்றமும் வெப்பமும்

மலையேற்றத்தில் எஞ்சின் கடுமையாக உழைக்கிறது. வண்டியோ மெதுவாகச் செல்கிறது. ஆகவே, வெப்பம் பெருகும் அளவிற்கு எதிர்க்காற்று கிடைப்பதில்லை. அவ்வேளையில் ரேடியேட்டரும் மின்விசிறியும் நீர்ப்பம்பும் அதற்குரிய பெல்ட்டும் தத்தம் பணியைச் செவ்வனே செய்தாக வேண்டும். பெல்ட்டின் நீண்ட பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் அமுங்கலாம். அதைவிடத் தளர்ந்தால் பெல்ட் வழுக்கும். மிக இறுகினால் தாங்கு உருளைகள் தேயும்.

ரேடியேட்டரில் கடின நீரை ஊற்றினால் குழாய்களுக்குள் சுண்ணப்படிவு உண்டாகிறது. காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் காணும் அதே படிவுதான் இது. வெப்பத்தைக் கடத்தவிடாமல் தடுக்கும் இப்படிவு ஆண்டுதோறும் தடிக்கும். வாலைவடிநீரும் கூலன்ட் என்னும் நீர்மமும் கையேடு கூறும் விகிதத்தில் கலந்த கலவை இப்படிவையும் துருவையும் தடுக்கும்.

வெப்பமானியின் முள் சிவப்பை நெருங்கினால் வண்டியைப் பாதுகாப்பாக ஓரங்கட்டி எஞ்சினை அணைக்க வேண்டும். ரேடியேட்டர் மூடியை அப்போது திறத்தல் கூடாது. மூடியுள்ள அமைப்பில் அழுத்தம் மிகுதியாக இருப்பதால் நீர் 100 பாகை செல்சியசைக் கடந்தும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் குறைந்து, அந்நீர் ஆவியாகச் சீறி முகத்தையும் கைகளையும் வெந்துவிடச் செய்யும். கையால் தொடுமளவு ஆறும் வரை காத்திருத்தலே முறை.

பழைய கார்புரேட்டர் வண்டிகளுக்கே உரிய மற்றொரு பழுதும் ஏற்றத்தில் தோன்றும். எஞ்சினை ஒட்டியிருக்கும் பம்பும் குழாயும் சூடேறி, உள்ளிருக்கும் பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்ப் அந்த ஆவியை அழுத்துமேயன்றி நீர்மத்தை முன்தள்ளாது. எஞ்சின் திணறி நின்றுவிடும். ஈரத்துணியைப் பம்பின்மேல் சுற்றிச் சற்றுநேரம் காத்திருந்தால் ஆவி மீண்டும் நீர்மமாகி வண்டி கிளம்பும். காத்திருந்தபின் தானே சரியாகும் பழுதுகளுக்கு வெப்பமே காரணமாக இருக்கலாம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. இன்றைய வண்டிகளில் தொட்டிக்குள்ளிருக்கும் மின்பம்ப் பெட்ரோலை அழுத்தத்துடன் அனுப்புவதால் இப்பழுது அரிதாகிவிட்டது.

இறக்கமும் பிரேக்கும்

ஏற்றத்தில் தோன்றும் பழுது வண்டியை நிறுத்திவிடும். இறக்கத்தில் தோன்றும் பழுதோ வண்டியை நிறுத்தவிடாது. இவ்வேறுபாட்டில்தான் ஒரு குடும்பத்தின் உயிர் அடங்கியிருக்கிறது.

ஆட்களோடு சேர்ந்து 1,400 கிலோகிராம் எடையுள்ள மகிழுந்து 200 மீட்டர் உயரம் இறங்குவதாகக் கொள்வோம். அது இழக்கும் நிலையாற்றல் ஏறத்தாழ 27 லட்சம் ஜூல். 30 பாகை வெப்பநிலையில் உள்ள 9 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுசெல்ல இவ்வாற்றல் போதும். பிரேக்கை மட்டுமே மிதித்துக்கொண்டு இறங்கினால், இதன் பெரும்பகுதி பிரேக்கின் இரும்பிலும் பட்டையிலும் வெப்பமாகச் சேர்கிறது. மிகைவெப்பத்தில் பட்டையின் உராய்வு குறைகிறது. பிரேக் நீர்மமும் சூடேறுகிறது.

பிரேக் நீர்மத்தின் இயல்பு இங்கு இன்றியமையாதது. மிதியில் கால் தரும் அழுத்தத்தைப் பாஸ்கல் விதிப்படி அது நான்கு சக்கரங்களுக்கும் கடத்துகிறது. நீர்மம் சுருங்காது என்பதே இதன் அடிப்படை. ஆனால், பொதுவாகப் பயன்படும் பிரேக் நீர்மம் காற்றிலுள்ள ஈரத்தைக் கவரும் தன்மையுடையது. டாட் 3 என்னும் தர நீர்மத்தின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியசு இருக்க வேண்டும். நீர் கலந்த நிலையில் அத்தரம் கோருவது 140 பாகை மட்டுமே. ஆண்டுக்கணக்கில் மாற்றப்படாத நீர்மம் நெடிய இறக்கத்தில் கொதித்துக் குமிழியாகும். குமிழி சுருங்கக்கூடியது. எனவே, மிதி அடிவரை அமுங்கும், வண்டியோ நிற்காது.

இதனால்தான் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரேக் நீர்மத்தை மாற்றுமாறு அறிவுறுத்துகின்றனர். ஈரம் மிகுந்த இடங்களில் ஓடும் வண்டிக்கு இது மேலும் தேவை. நீர்மத்தின் மட்டம் குறைந்துகொண்டே வருதல், மிதி பஞ்சு போல் அமுங்குதல், பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒருபக்கம் இழுத்தல், இரும்போடு இரும்பு உரசும் ஒலி ஆகியவை எச்சரிக்கைகள். இவற்றுள் ஒன்று தோன்றினாலும் மலைப்பாதையில் கால் வைத்தல் கூடாது.

எந்தக் கியரில் ஏற வேண்டியிருக்குமோ அந்தக் கியரில் இறங்குக என்பது மலைப்பாதை ஓட்டுநர்களிடையே வழங்கும் அறிவுரை. தாழ்ந்த கியரில் இறங்கும்போது எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்த முயல்கிறது. பெட்ரோலை மிச்சப்படுத்த எண்ணிக் கியரை விடுவித்தும் சாவியை அணைத்தும் இறங்குவோர் இத்துணையை இழக்கின்றனர். பல வண்டிகளில் எஞ்சின் நின்றால் பிரேக் மிதிக்குக் கிடைக்கும் கூடுதல் விசையும் குறைந்துவிடும். சாவியை எடுத்துவிட்டால் ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளும்.

டயரும் இதே வரிசையில் வைத்து எண்ணத்தக்கது. அதன் பள்ளங்கள் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. பள்ளம் ஆழமாக இருந்தாலும் முதுமையால் ரப்பர் இறுகி வெடிக்கலாம். பக்கவாட்டில் பொறித்திருக்கும் நான்கு இலக்கங்கள் டயர் பிறந்த காலத்தைக் கூறும். 3521 என்றிருந்தால், அது 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள்.

எல்லை அறிதல்

தானே செய்தல் என்பது எல்லாவற்றையும் தானே செய்தல் அன்று. எண்ணெய் மட்டம் பார்த்தல், பேட்டரி முனை தூய்மை செய்தல், காற்று வடிகட்டியும் வைப்பரின் ரப்பரும் மாற்றுதல், விளக்குகளைச் சோதித்தல், டயரின் காற்றழுத்தம் அறிதல் ஆகியவற்றை வண்டியின் உரிமையாளர் எவரும் கற்றுக்கொள்ளலாம். பிரேக், ஸ்டியரிங் ஆகியவற்றின் குறையைக் கண்டறிவது அவர் கடமை. அதனை நீக்குவது பயிற்சி பெற்ற கைகளின் பணி. தன் அறிவு எங்கு முடிகிறது என்பதை அறிந்து அங்கு நிற்பதும் பழுதறி கலையின் ஒரு கூறே.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் ஒருபோதும் நுழைதல் கூடாது. ஜாக்கி தூக்குவதற்குரியது, தாங்குவதற்குத் தனித்தாங்கிகள் வேண்டும். மின்னேற்றம் பெறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் அதனருகே நெருப்பு ஆகாது. பேட்டரியைக் கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், பொருத்தும்போது அதனை இறுதியிலும் கையாள வேண்டும்.

வடித்த எண்ணெயை வாய்க்காலில் ஊற்றுவோர், அது சிற்றாற்றைச் சென்றடைந்து வயலுக்கும் குடிநீருக்கும் தீங்காகும் என்பதை எண்ண வேண்டும். பழைய பேட்டரியில் ஈயமும் அமிலமும் உள்ளன. அதனைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளர்க்கு உரியதாக்கியுள்ளன. புதியது வாங்கும் கடையிலேயே பழையதை ஒப்படைத்தல் எளிய வழி.

குறிப்பேடு என்னும் நினைவு

பழைய வண்டிக்கு ஒரு குறிப்பேடு வேண்டும். நாள், ஓடிய கிலோமீட்டர், செய்த பணி, மாற்றிய உறுப்பு, செலவு, கண்ட அறிகுறி ஆகியவற்றை வரிசையாக எழுதிவர வேண்டும். 1,000 கிலோமீட்டருக்குக் கால் லிட்டர் எண்ணெய் குறைந்த வண்டியில் இப்போது அரை லிட்டர் குறைகிறது என்பதை நினைவு மறந்துவிடலாம், ஏடு மறக்காது. ஓட்டுநரும் உரிமையாளரும் வேறு வேறாக இருக்கும் வீட்டில் அவ்வேடே இருவர்க்கும் பொதுவான சான்று. தனிப்பயன் மகிழுந்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் வண்டியின் தகுதியைச் சோதித்து 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அச்சோதனைக்கு வண்டியை அணியமாக்கவும் அவ்வேடு வழிகாட்டும்.

மின்னணுக் காலமும் பழுதுநீக்கும் உரிமையும்

கார்புரேட்டரின் இடத்தை இன்று கணிப்பொறியால் ஆளப்படும் எரிபொருள் தெளிப்பான்கள் பெற்றுள்ளன. பழுது நேர்ந்தால் முகப்பில் எஞ்சின் வடிவ விளக்கு எரியும். ஸ்கேனர் என்னும் கருவியை இணைத்தால் பழுதின் குறியெண் தோன்றும். ஆயினும், குறியெண் காட்டுவது அறிகுறியையே. ஓர் உணரியின் அளவு தவறாக வருகிறது என்று அது கூறும்போது, உணரியே கெட்டதா, அதன் கம்பி எலி கடித்து அறுந்ததா, இணைப்பில் நீர் புகுந்ததா என்று ஆராய வேண்டியவர் மனிதரே. குற்றாலச் சாரலில் நனைந்த இணைப்பு, அம்பாசிடரின் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைப் போலவே, இன்றும் துடைத்து உலர்த்தப்படக் காத்திருக்கலாம்.

கையேடும் உதிரி உறுப்பும் கண்டறியும் கருவியும் உற்பத்தியாளரிடம் மட்டுமே இருந்தால், சிற்றூர்ப் பணிமனைகள் நலியும். பழுதுநீக்கத்தக்க பொருளும் குப்பையாகும். இதனை உணர்ந்து அமெரிக்காவின் மாசசூசெட்சு மாநில மக்கள் 2012ஆம் ஆண்டில் வண்டிகளைப் பழுதுபார்க்கும் உரிமைக்கு வாக்களித்தனர். இந்திய அரசின் நுகர்வோர் நலத்துறை இதற்கென 2022 சூலையில் குழு அமைத்து, அவ்வாண்டு டிசம்பர் 24 அன்று தேசிய நுகர்வோர் நாளில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையவாயிலைத் தொடங்கியது. வேளாண் கருவிகள், கைபேசிகள், வீட்டுப் பயன்பொருள்கள் ஆகியவற்றோடு வண்டிகளும் அதில் இடம்பெற்றுள்ளன.

உரிமை கிடைப்பினும் அதனைப் பயன்கொள்ளும் அறிவு வேண்டும். முன்மூடியைத் திறந்து எண்ணெய்க் கோலைத் துடைத்து அளவு பார்க்கும் ஒரு மாணவர், இயந்திரத்தோடு உரையாடத் தொடங்கிவிடுகிறார். புளியரை இறக்கத்தில் குடும்பத்தை ஏற்றிச்செல்லும் நாளில், முன்னதாகவே பிரேக் நீர்மத்தின் மட்டத்தைப் பார்த்து, "இன்று வண்டி வேண்டா, பேருந்தில் செல்வோம்" என்று அவர் கூறக்கூடும். பழுதறி கலையின் முழுப்பயனும் அச்சொல்லில் இருக்கிறது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பகுதியில் உள்ள பணிமனை ஒன்றுக்குச் சென்று, அங்குப் பழுதுபார்ப்பவர் ஒரு குறையை எவ்வரிசையில் ஆராய்கிறார் என்பதைக் கேட்டு எழுதுக.

2. வீட்டிலுள்ள மிதிவண்டி, இருசக்கர வண்டி, மகிழுந்து ஆகியவற்றுள் ஒன்றுக்குப் பராமரிப்புக் குறிப்பேடு உருவாக்குக.

3. பணிமனைகளில் வழங்கும் சொற்களைத் தொகுத்து, அவற்றுக்கு ஏற்ற தமிழ்ச்சொற்களை வகுப்பில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

குறுவினா
1. பேட்டரியின் முனைகளில் பூக்கும் படிவை எவ்வாறு நீக்கலாம்?
2. டயரில் 3521 என்னும் எண் எதனை உணர்த்துகிறது?

சிறுவினா
1. பழுதறிதலுக்குரிய நான்கு நெறிகளை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறத்தல் கூடாது – காரணம் கூறுக.

நெடுவினா
1. ஏற்றத்திலும் இறக்கத்திலும் மகிழுந்துக்கு நேரும் பழுதுகளை ஒப்பிட்டு, மலைப்பாதைப் பயணத்திற்கு முன் செய்ய வேண்டியவற்றைத் தொகுத்துரைக்க.
2. 'தன் அறிவின் எல்லையை அறிதலும் ஓர் அறிவே' – பாடப்பகுதி வழி நிறுவுக.